பினாங்கு கடைவீட்ட லெகோவுல கட்டுறது எப்படி: பழைய பீஸ் வாங்குறதுல இருந்து கூரை போடுற வரைக்கும்

பெட்டியோட வர்ற செட்ட வாங்கி, புக்கப் பாத்து கட்டி, அலமாரியில வச்சிட்டு அடுத்த பெட்டிக்கு காசு சேக்குறது ஒரு வழி, அதுல ஒரு தப்பும் இல்ல, நானும் அப்படித்தான் சேக்குறேன். ஆனா வேலைக்குப் போற வயசுல இந்த ஹாபிக்குள்ள வர்றவங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், நம்ம தெருவ நாமதான் கட்டணும், அத வேற யாரும் பெட்டியில போட்டு விக்க மாட்டாங்க. 2007ல கஃபே கார்னர்னு 10182 நம்பர் செட் வந்ததுல இருந்து லெகோவோட மாடுலர் வரிசையில, அதாவது பக்கத்துப் பக்கத்துல வச்சு தெருவா சேக்குற கட்டட வரிசையில, வருசா வருசம் கட்டடம் வருது, எல்லாமே அழகு, ஆனா பெரும்பாலும் ஐரோப்பா அமெரிக்கா தெரு மூலைங்க. நம்ம பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்ல இருக்குற மாதிரி மாடிக்குக் கீழ போற அஞ்சடி நடைபாதை, முன்னாடி லோங்காங்குன்னு சொல்ற சாக்கடை வாய்க்கால், மேல மரச் சட்டம் வச்ச ஜன்னல், கீழ சாமி படக் கடை, இதெல்லாம் வேணும்னா பீஸ் பீஸா சேத்து நாமளே கட்டுனாத்தான் உண்டு. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல அளவு. லெகோ வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஜார்ஜ்டவுன் போயி உங்களுக்குப் புடிச்ச ஒரு கடைவீட்ட பாத்து வச்சிக்குங்க, நேரா நின்னு ஒரு படம், சாய்வா ஒரு படம், தூண் கிட்டக்க ஒரு படம், தரை டைல்ஸ் ஒரு படம் எடுத்துக்குங்க. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்ததுல இருந்து நெறய வீடுங்கள பழைய மாதிரியே சரி பண்ணி வச்சிருக்காங்க, ஆனா எனக்கு சுண்ணாம்பு உதிந்து செங்கல் தெரியிற வீடுதான் புடிக்கும், கட்டும்போதும் அதுதான் அழகா வரும்.

இப்ப கணக்கு. பீஸ் மேல இருக்குற குமிழுக்குப் பேரு ஸ்டட், லெகோவுல ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்த ஸ்டட்டுக்கும் நடுவுல 8 மில்லிமீட்டர், ஒரு பிரிக் (கட்டி பீஸ்) உயரம் 9.6, ஒரு பிளேட் (தட்டை பீஸ்) உயரம் 3.2, அதாவது 3 பிளேட் அடுக்குனா 1 பிரிக். இந்த மூணு நம்பர் மனப்பாடமா இருக்கணும். மினிஃபிக் பொம்ம சுமார் 4 சென்டிமீட்டர் உயரம், அத சராசரி ஆளா வச்சிக்கிட்டா அளவு ஏறக்குறைய 42ல ஒரு பங்கு வரும். கடைவீட்டோட முகப்பு அகலம் 5ல இருந்து அஞ்சரை மீட்டர்னு வச்சிக்கிட்டா 16 ஸ்டட், அதாவது 32க்கு 32 ஸ்டட் உள்ள பேஸ்பிளேட் (அடித்தட்டு) ஒண்ணுல ரெண்டு வீடு பக்கத்துப் பக்கத்துல சரியா உக்காருது. அஞ்சடி நடைபாதைய கணக்குப் பாத்தா நாலரை ஸ்டட் வரும், 5ன்னு வச்சிக்குங்க, ரெண்டு பொம்ம எதிரெதிரா நடந்து போக முடியும். ஒரு மாடி உயரம் 10 பிரிக். ஆழம் மட்டும் உண்மை அளவுல வைக்க முடியாது, அசல் வீடு 30 மீட்டர் உள்ள போற வீடா இருந்தா 90 ஸ்டட் கிட்ட வந்துரும், மேசையில இடம் இருக்காது, அதனால பேஸ்பிளேட்டுக்குள்ள அடக்கிருவோம்: முன்னாடி லோங்காங்குக்கு 2 ஸ்டட், நடைபாதைக்கு 5, முன் கடைக்கு 11, நடுவுல வானம் பாத்த முத்தத்துக்கு 4, பின் அறைக்கு 10, கூட்டிப் பாருங்க 32 வரும். முத்தத்த விட்றாதீங்க, அது இல்லாம கடைவீடு கிடையாது, வெளிச்சமும் காத்தும் அங்கதான் இறங்குது.

அடுத்தது பீஸ் வாங்குறது, இங்கதான் காசு போகும், பொறுமையா இருக்கணும். புது செட்ட பிரிச்சுப் போட்டு வேற கட்டுறதுக்கு எனக்கு மனசு வராது, அதனால ரெண்டாங்கை மூட்டைதான் என் வழி. தீவுல இருக்குறவங்க காலையில லோரோங் கூலிட் பக்கம் போயிப் பாருங்க, கோலாலம்பூர் பக்கம்னா பிஜேவுல (பெட்டாலிங் ஜெயா) ஆம்கார்ப் மால்ல வார இறுதியில போடுற பழைய சாமான் சந்த, அதுக்கப்புறம் ஆன்லைன்ல மூடா, கரோசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். பிள்ளைங்க வளந்து யூனிவர்சிட்டி போனதுக்கப்புறம் அம்மாமாருங்க வீட்ட ஒழிச்சு மொத்தமா விக்கிற டப்பா இருக்கு பாருங்க, அதுதான் நல்ல சரக்கு, "கலந்த லெகோ, கிலோ கணக்கு"ன்னு போட்டிருப்பாங்க. விக்கிற அக்காகிட்ட மரியாதையா பேசி, "அக்கா, புக்கு ஏதும் இருந்தா அதையும் சேத்து குடுங்க"ன்னு கேளுங்க, பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன் புக் பல பேரு தூக்கிப் போடுறதுக்குன்னு தனியா வச்சிருப்பாங்க.

மூட்டையில கை விட்டதும் பாக்க வேண்டியது ஸ்டட் மேல எழுத்து. அசல் லெகோவுல ஒவ்வொரு ஸ்டட் மேலயும் பொடி எழுத்துல கம்பெனி பேரு இருக்கும், எழுத்து இல்லன்னா வேற கம்பெனி. ஸ்டட்டும் குழாயும் கவ்வுற அமைப்புக்கு டென்மார்க்ல 1958 ஜனவரி 28ல பேட்டண்ட் போட்டாங்க, அது காலாவதி ஆயி ரொம்ப வருசம் ஆச்சு, அதனால அதே மாதிரி கவ்வுற பிரிக் மத்தவங்க செய்யிறதுல சட்டப்படி பிரச்சனை கிடையாது, ஆனா விலை வேற, அத அசல் விலைக்கு வாங்கக் கூடாது. 58ல செஞ்ச பிரிக் இன்னைக்கு வாங்குற பிரிக்கோட கவ்வும், இந்த ஹாபியில என்னைய இழுத்து வச்சிருக்குறதே அந்த ஒரு விசயம்தான்னு சொல்லலாம்.

சாம்பல் கலர் வாங்கும்போது கவனம். 2003, 2004 வாக்குல சாம்பல மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் மஞ்சள் ஓடுன சாம்பல், புதுசு நீலம் ஓடுன சாம்பல், விளக்கு வெளிச்சத்துல ஒண்ணா தெரியும், பகல்ல நடைபாதையில பக்கத்துப் பக்கத்துல வச்சா திட்டுத் திட்டா தெரியும். ஜன்னல் கிட்ட வச்சுப் பாத்து பிரிச்சிருங்க. இன்னொன்னு, செம்பழுப்பு, கரும்பழுப்பு, கருஞ்சிவப்பு இந்த மூணு கலர்லயும் ஒரு காலகட்டத்துல வந்த பீஸ் நொறுங்கும், கழட்டும்போது பட்டுன்னு விரிசல் விடும், அதனால ரெண்டாங்கையில அந்தக் கலர நம்பி கூரைக்கோ தூணுக்கோ வாங்காதீங்க.

மூட்டையில கிடைக்காதத பிரிக்லிங்க்ல தேடுங்க. 2000த்துல ஆரம்பிச்ச ஆன்லைன் லெகோ சந்த அது, 2019ல லெகோ கம்பெனியே வாங்கிருச்சு. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நம்பர் இருக்கு, பல பீஸுக்கு அடிப்பக்கத்துலயே பொடியா அச்சடிச்சிருக்கும், 2க்கு 4 பிரிக்னா 3001, 1க்கு 1 டைல்னா (மேல ஸ்டட் இல்லாத வழவழப்பான தட்டை பீஸ்) 3070. பேர வச்சுத் தேடாம நம்பர வச்சுத் தேடுங்க. கடந்த 6 மாசத்துல என்ன விலைக்கு வித்துச்சுன்னு அதுலயே காட்டும், அத பாத்துட்டுத்தான் லோரோங் கூலிட்ல பேரமே பேசணும். மலேசியாவுல இருக்குற விக்கிறவங்கள மட்டும் வடிகட்டிப் பாருங்க, ஒரே ஆள்கிட்ட நெறய வகை வாங்குனாத்தான் பார்சல் செலவு கட்டும். வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வாங்குற 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 2024 ஜனவரி 1ல இருந்து 10 சதவீத விற்பனை வரி இருக்கு, அதையும் பார்சல் காசையும் சேத்துப் போட்டுப் பாத்துட்டு விலை சல்லிசா இல்லையான்னு முடிவு பண்ணுங்க.

வீட்டுக்கு வந்த மூட்டைய அப்படியே கொட்டாதீங்க, முதல்ல கழுவணும். ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ், மோட்டார், பேட்டரி பெட்டி எல்லாம் தனியா எடுத்திருங்க. மத்தத துணி மெஷின்ல போடுற வலைப்பையில போட்டு பாத்திரம் கழுவுற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும் வச்சு ஊற வைங்க, 40 டிகிரிக்கு மேல சூடு வேண்டாம், பீஸ் வளைஞ்சிருச்சுன்னா அப்புறம் கவ்வாது. மூலையில அழுக்கு இருந்தா பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ். காய வைக்கிறதுதான் நம்ம ஊருல பெரிய வேலை, குழாய்க்குள்ள தண்ணி நிக்கும், மழை மாசத்துல ரெண்டு நாளானாலும் ஈரம் இருக்கும், டவல்ல குழாப் பக்கம் கீழ பாக்குற மாதிரி பரப்பி ஃபேன போட்டு விடுங்க, வெயில்ல வேண்டாம், வெயில்தான் வெள்ளையும் நீலமும் மஞ்சளாப் போறதுக்குக் காரணம். ஏற்கனவே மஞ்சளான வெள்ளைய ஃபார்மசியில விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடுல முக்கி கண்ணாடிப் போத்தல்ல போட்டு வெளிச்சத்துல வச்சா மெல்ல வெளுக்கும், அந்த நேரம் மட்டும் வெளிச்சம் வேணும், கையுறை போடுங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, கொஞ்ச காலம் கழிச்சு திரும்ப மஞ்சளாகவும் வாய்ப்பு இருக்கு.

வைக்கிறதுக்கு விலை கூடுன டிராயர் எல்லாம் தேவையே இல்ல, தீபாவளி பலகாரம் போட்டு வர்ற சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல் எல்லா வீட்டுலயும் கிடக்கும், உள்ள இருக்குறது வெளிய தெரியும், மூடியும் இறுக்கம், அதவிட நல்லது எதுவும் இல்ல. எண்ணெய் வாடை போகக் கழுவிக்குங்க, அவ்வளவுதான். புக்கையும் காலிப் பெட்டியையும் மட்டும் நல்லா மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, இந்த ஈரப்பதத்துல அட்ட பூஞ்சை புடிச்சிரும், பூச்சியும் அரிக்கும். ரப்பர் பேண்ட் போட்டு எதையும் கட்டி வைக்காதீங்க, உருகி ஒட்டிக்கும்.

பிரிக்கிறது கலர் வாரியா இல்ல, வடிவம் வாரியா. புதுசா வர்றவங்க எல்லாரும் கலர் கலரா பிரிப்பாங்க, பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா சிவப்புக் குவியல்ல ஒரு சின்ன சிவப்பு பிளேட்ட தேடிப் பாருங்க, கண்ணு வலிச்சிரும். அதே நேரம் பல கலர் கலந்த 1க்கு 2 பிளேட் குவியல்ல சிவப்ப எடுக்குறது ஒரு நொடி வேலை. முதல்ல பிரிக், பிளேட், டைல், ஸ்லோப் (சாய்வு பீஸ்), மத்ததுன்னு அஞ்சு குவியல், அப்புறம் ஒவ்வொண்ணையும் அளவு வாரியா. ரேடியோவப் போட்டுட்டு உக்காந்தீங்கன்னா சாயங்காலம் போறதே தெரியாது, எனக்கு கட்டுறத விட இதுதான் சில நாள் நிம்மதி. ஆரஞ்சு கலர் பிரிக் செப்பரேட்டர் ஒண்ணு கிட்டக்க இருக்கட்டும், பல்லால கழட்டாதீங்க, பல்லுத் தடம் விழுந்த பீஸ யாரும் வாங்க மாட்டாங்க.

கட்டுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஸ்டூடியோன்னு பிரிக்லிங்க் குடுக்குற இலவச மென்பொருள்ல வீட்ட ஒரு தடவை கட்டிப் பாத்திருங்க. எத்தன பீஸ் வேணும்னு அதுவே பட்டியல் போட்டுக் குடுக்கும், கையில இருக்குறத கழிச்சிட்டு மிச்சத்த மட்டும் வாங்கலாம், மூட்டை மூட்டையா தேவையில்லாதது சேராது.

இப்ப கட்டலாம். பேஸ்பிளேட் மேல முன்னாடி 2 ஸ்டட் வரிசைய விட்டுட்டு மத்த இடம் பூரா 1 பிரிக் உயரத்துக்கு ஏத்துங்க, உள்பக்கம் எல்லாம் பிரிக்கா நெரப்பணும்னு இல்ல, ஓரத்துலயும் நடுவுலயும் தாங்கல் வச்சு மேல பெரிய பிளேட் போட்டா போதும். அந்த விட்ட 2 ஸ்டட் வரிசைதான் லோங்காங், அடியில கருஞ்சாம்பல் பிளேட், அது மேல கண்ணாடி மாதிரி தெரியிற டைல் போட்டா தண்ணி நிக்கிற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் மேல ஒரு சின்ன சிமெண்ட் பாலம் வைங்க, 4 ஸ்டட் அகலம்.

நடைபாதை தரையில மனசு வச்சு வேலை செய்யுங்க, ஏன்னா பாக்குறவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும். பழைய பூ வேலைப்பாடு டைல்ஸுக்கு 25269ன்னு கால் வட்ட டைல் இருக்கு, நாலு சேத்தா ஒரு வட்டம், அத வெள்ளையும் கரும்பச்சையுமா 3070 சதுர டைலோட மாத்தி மாத்தி போடுங்க. வீட்டோட ரெண்டு ஓரத்துலயும் 2க்கு 2 தூண், 10 பிரிக் உயரம், தூணுக்கு மேல 1க்கு 16 பிரிக் ரெண்டு வரிசை உத்திரமா ஓடணும், அது மேலதான் மாடி வந்து நடைபாதைய மூடும்.

சுவருக்கு இளம் மஞ்சள் நல்லா இருக்கும், நீலம் வேணும்னா கருநீலம். சுண்ணாம்பு உதிந்த இடம் காட்ட 98283ன்னு செங்கல் கோடு போட்ட பிரிக் இருக்கு, மழைத் தண்ணி வடியிற மூலையிலயும் தூண் அடியிலயும் கொஞ்சமா வைங்க, எல்லா இடத்துலயும் வச்சா இடிஞ்ச வீடாத் தெரியும். கோலாலம்பூர் ஆளுங்க பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீடு கட்டுனா இந்தப் பீஸ தாராளமா போடலாம், 1881ல தீயும் வெள்ளமும் ஊர அழிச்சதுக்கு அப்புறம் செங்கல்லுலதான் கட்டணும்னு ஆகி, அந்த ஊருக்கே செங்கல் அறுத்த இடம் அது.

மாடி ஜன்னல் மூணு வைக்கணும். 16 ஸ்டட்ட இப்படி பிரிங்க: சுவர் 2, ஜன்னல் 2, சுவர் 3, ஜன்னல் 2, சுவர் 3, ஜன்னல் 2, சுவர் 2. மரச் சட்டத்துக்கு 2412ன்னு கோடு கோடா இருக்குற கிரில் டைல் போதும், ஆனா அத நேரா முகப்புல ஒட்டணும்னா பக்கவாட்டுல ஸ்டட் உள்ள பீஸ் வேணும். சாதாரண உயர பிரிக்கா போட்டா கிரில்லுக்கு நடுவுல இடைவெளி விழும், அதனால 22885ஐ எடுங்க, அது 5 பிளேட் உயரம், அதாவது 16 மில்லிமீட்டர், ரெண்டு ஸ்டட்டுக்கு சரி. மூணு அடுக்குனா 48 மில்லிமீட்டர், பக்கத்துச் சுவர்ல 5 பிரிக்கும் 48 மில்லிமீட்டர்தான், முகப்புல 6 கிரில் டைல் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாம உக்காரும். இந்தக் கணக்கு ஒத்துப் போற நிமிசம் இருக்கே, அதுக்காகவே கட்டலாம். பச்சை, பழுப்பு, வெளிறிப் போன நீலம், மூணு ஜன்னலும் ஒரே கலர்ல இருக்கட்டும்.

பெயர்ப்பலகை. நம்ம எழுத்துல வைக்கணும், இதுல விட்டுக் குடுக்காதீங்க. வட்டம் சுழி உள்ள எழுத்தெல்லாம் இந்த அளவுல வராது, ப, ட, ம மூணும் நேர்க்கோட்டுல வரும், அதனால சாமி படக் கடைக்கு "படம்"னு வைக்கிறது ரொம்பப் பொருத்தம். பிளேட்டுகள ரெண்டு கலர்ல அடுக்கியே எழுதலாம், சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மொத்தம் 9 பிளேட் உயரம், சரியா 3 பிரிக். அகலத்த ஓரத்துல 1, ப-வுக்கு 4, இடைவெளி 1, ட-வுக்கு 3, இடைவெளி 1, ம-வுக்கு 5, ஓரத்துல 1ன்னு பிரிச்சா 16. அடியில முதல் பிளேட் பூரா சிவப்பு. ரெண்டாவது பிளேட்ல மூணு எழுத்துக்கும் அடிக்கோடு முழுசா மஞ்சள். மூணு, நாலு, அஞ்சாவது பிளேட்ல ப-வுக்கு ரெண்டு ஓரமும், ட-வுக்கு இடது ஓரம் மட்டும், ம-வுக்கு முதல், நடு, கடைசி மஞ்சள். ஆறாவதுல ப-வும் ட-வும் அதே மாதிரி, ம-வுக்கு முதல் ஒண்ணும் கடைசி மூணும் மஞ்சள், அதுதான் வளைவு. ஏழாவது பூரா சிவப்பு, எட்டாவதுல ம-வுக்கு நேர் நடுவுல ஒத்த மஞ்சள், அது புள்ளி, ஒன்பதாவது திரும்ப சிவப்பு.

கூரைக்கு 3298ன்னு 33 டிகிரி ஸ்லோப், கலர் டார்க் ஆரஞ்சு, ஓட்டுக் கலருக்கு அதுதான் கிட்ட வருது. முன் கட்டடம் நடைபாதையும் கடையும் சேந்து 16 ஸ்டட் ஆழம், தெருப் பக்கம் 4 வரிசை ஏறி முத்தத்துப் பக்கம் 4 வரிசை இறங்கணும். அங்கங்க ரெண்டு மூணு ஸ்லோப்ப வேற கலர்ல மாத்திப் போட்டா ஓடு மாத்துன மாதிரி இருக்கும். கடைக்குள்ள சுவர்ல சின்ன சின்ன டைல் படமா ஒட்டலாம், 2க்கு 2 டைல்ல பிரிண்ட் எடுத்த ஸ்டிக்கர், ஒரு ஸ்டூல், ஒரு மேசை ஃபேன், வாசல்ல பூமாலை தொங்க விட மஞ்சளும் வெள்ளையுமா 1க்கு 1 பூ பீஸ்.

மாடியும் கூரையும் தனித்தனியா தூக்குற மாதிரி கட்டுங்க, அடி மாடி சுவரோட மேல் வரிசையில எல்லா இடத்துலயும் டைல் போட்டு நாலு மூலையில மட்டும் ரெண்டு ரெண்டு ஸ்டட் விட்டா போதும், நிக்கும், இழுத்தா வரும். பாலம் தாண்டி பட்டர்வொர்த்துல நண்பர் வீட்டுக்கோ கண்காட்சிக்கோ காருல கொண்டு போறப்ப மூணு தட்டையும் கழட்டி தனித்தனி டப்பாவுல, சுத்தி பழைய டவல் வச்சு, சீட்டுல இல்லாம காலடியில வைங்க, பேஸ்பிளேட் மெல்லிசு, அடியில ஒரு பிளைவுட் பலகை குடுத்துட்டுத் தூக்குங்க.